வெயில் படாத இடங்கள்

1975 டிசம்பர் 15ஆம் தேதி கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சிறுநீரகம் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குக் குடிபெயர்ந்தது. அறுவையை நடத்தியவர் டாக்டர் ஹுசேன் அவாங். தந்தவர் நோயாளியின் உறவினர். மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அதுதான். இறந்தவரின் உறுப்பை எடுக்க இடம் தரும் மனிதத் திசுச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. பிறகு 1995இல் சுபாங் ஜெயாவில் முதல் கல்லீரல், 1997இல் ஐ.ஜே.என். என்று எல்லாரும் சொல்லும் தேசிய இருதயக் கழகத்தில் முதல் இதயம், 2005இல் அதே இடத்தில் முதல் நுரையீரல் என்று எல்லாமே கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் நடந்தேறின.

இந்த அத்தியாயத்தின் கதை, அந்த அறுவைகள் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் நன்றாக வாழ்ந்த பிறகு தொடங்குகிறது. டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து விடுதலை கிடைத்தவருக்கு அதன்பின் கிரியாட்டினின் அளவுதான் உலகம். கிளினிக் நாளில் ரத்தம் எடுப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். தோலைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் வெள்ளைத்தோல் நாடுகளில் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் தோல் புற்றுநோய்தான். நமக்கும் அப்படியா? இல்லை. அப்படியானால் நாம் கவலைப்பட வேண்டாமா? அதற்கும் இல்லை என்றுதான் பதில். இந்த இரண்டு ‘இல்லை’களுக்கும் நடுவே இருப்பதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் மாத்திரைகள். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு மருந்தே தேவைப்படவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். வந்தது அந்நியப் பொருள் என்று உடலுக்குத் தெரியவே இல்லை. மற்ற எல்லாருக்கும் உடல் அதைக் கண்டுபிடித்துவிடும், தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்க 1960களில் வந்தது அசதையோப்ரின். நோயாளிகள் இமுரான் என்று அறிந்த மஞ்சள் மாத்திரை. கோலாலம்பூரில் முதல் அறுவை நடந்த காலத்தில் உலகமே அதையும் பிரெட்னிசோலோனையும் நம்பித்தான் இருந்தது. அடுத்து வந்த மருந்துகள் மண்ணிலிருந்து வந்தன. நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் 1969இல் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சை சைக்ளோஸ்போரினைத் தந்தது. ஜப்பானின் சுகுபா மண்ணில் 1984இல் கிடைத்த நுண்ணுயிர் டாக்ரோலிமஸைத் தந்தது. ஈஸ்டர் தீவின் மண் சிரோலிமஸைத் தந்தது. அந்தக் கடைசி மருந்தைக் கண்டெடுத்தவர் சுரேன் சேகல், பஞ்சாபில் பிறந்து கனடாவில் வேலை பார்த்தவர். கம்பெனி அந்த ஆய்வை மூட்டை கட்டியபோது அவர் அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். சிரோலிமஸ் இந்தக் கதையில் பின்னால் திரும்ப வரும்.

இந்த மருந்துகள் அடக்குவது முக்கியமாக டி-செல்களை. டி-செல்லுக்கு இரண்டு வேலைகள். அந்நிய உறுப்பைத் தாக்குவது ஒன்று. நம் சொந்தச் செல் ஒன்று கெட்டுப்போனால் அதையும், செல்லுக்குள் புகுந்துகொண்ட வைரஸையும் கண்டு அழிப்பது இன்னொன்று. முதல் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு இரண்டாவதைத் தொடரச் சொல்ல இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை. சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அதே மாத்திரை, தோலில் கெட்டுப்போகும் செல்களுக்கும் காவல் இல்லாமல் செய்துவிடுகிறது.

தோலில் கெட்டுப்போகும் செல்களுக்குப் பஞ்சமே இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். செல் அதை வெட்டியெடுத்துச் சரிசெய்யும். சில நேரம் தவறவிடும். 2015இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நடுத்தர வயதைத் தாண்டியவர்களின் நலமான கண்ணிமைத் தோலை எடுத்து மரபணுக்களை வாசித்தார்கள். புற்று இல்லாத, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத தோல் அது. அதிலேயே ஏறத்தாழ நாலில் ஒரு செல், புற்றுநோய்ப் பாதையில் முதல் அடியை எடுத்து வைத்திருந்தது. அதாவது நம்மில் பலரின் முகத்திலும் கையிலும் அரைகுறைப் புற்றுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை முழுப் புற்றாகாமல் தடுப்பதில் பெரும்பங்கு நோயெதிர்ப்புக்கு. அதைத்தான் நாம் மாத்திரை கொடுத்து உட்காரவைக்கிறோம்.

இந்தக் கணக்கு முதலில் புலப்பட்டது ஆஸ்திரேலியாவில். 1971இலேயே அங்குள்ள மருத்துவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தோல் புற்று கூடுதலாக வருகிறது என்று எழுதிவிட்டார்கள். பின்னாளில் குயின்ஸ்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துக் கணக்கெடுத்தபோது வந்த எண்கள் திடுக்கிட வைத்தன. மாற்று முடிந்து ஓராண்டில் 7 விழுக்காட்டினருக்கு, 11 ஆண்டுகளில் 45 விழுக்காட்டினருக்கு, 20 ஆண்டுகளில் 70 விழுக்காட்டினருக்குத் தோல் புற்று. வெயில் குறைந்த நெதர்லாந்தில்கூட 20 ஆண்டுகளில் 40 விழுக்காடு. பொது மக்களோடு ஒப்பிட்டால், தோல் புற்று வகைகளில் செதிள்செல் புற்று 65 மடங்கு அல்லது அதற்கும் மேல். அடிச்செல் புற்று 10 மடங்கு. மற்றவர்களுக்கு அடிச்செல் புற்றுதான் மிகுதி, செதிள்செல் குறைவு. உறுப்பு மாற்றியவர்களுக்கு இது தலைகீழ். அது நல்ல செய்தியும் அல்ல. செதிள்செல் வகைதான் நிணநீர் முடிச்சுக்குப் பரவக்கூடியது, இவர்களிடம் இன்னும் விரைவாகப் பரவுவது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்றே பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வரும். குயின்ஸ்லாந்தில் குளிர்காலமாவது உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் நண்பகலில் புற ஊதாக் குறியீடு உச்சத்தை ஒட்டியே நிற்கும். வெயில் மட்டுமே காரணம் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் உறுப்பு மாற்றியவர்களின் தோல் குயின்ஸ்லாந்துக்காரர்களைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்குமே அந்த அளவில் வருவதில்லை. ஆசியாவில் உறுப்பு மாற்றியவர்களுக்கு வரும் புற்றுகளின் பட்டியலே வேறு; தைவானில் முதலிடத்தில் இருப்பது சிறுநீர்ப்பாதைப் புற்று.

காப்பாற்றுவது மெலனின். தோல் செல்லுக்குள் இந்த நிறமி சும்மா சிதறிக் கிடப்பதில்லை. செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்துக் குடை பிடித்தாற்போலக் குவிந்து நிற்கிறது. 1979இல் பிலடெல்பியாவில் வெள்ளையர், கறுப்பர் இருவரின் மேல்தோலையும் எடுத்து அளந்தார்கள். சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் அதே கணக்கில் சொன்னால், வெள்ளைத் தோலின் இயற்கைப் பாதுகாப்பு 3.4, கறுப்புத் தோலுக்கு 13.4. நம்மவர்களின் நிறம் மாநிறத்திலிருந்து நல்ல கறுப்பு வரை விரிந்து கிடப்பதால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. என்றாலும் அந்த நீளத்தில் நாம் நிற்பது நல்ல பக்கத்தில்தான். கறுப்பாகப் பிறந்த பிள்ளைக்காகப் பெருமூச்சு விடும் பாட்டிகளுக்கும், வெளுப்பாக்கும் களிம்பை வரிசையாக அடுக்கி விற்கும் கடைக்காரர்களுக்கும் இந்த எண்களை யாராவது படித்துக் காட்டினால் தேவலை.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ‘நமக்கு வராது’ என்று நோயாளியும் நினைக்கிறார், சில நேரம் மருத்துவரும் நினைக்கிறார். அமெரிக்காவில் உறுப்பு மாற்றியவர்களின் தோல் ஆபத்தைக் கணிக்க ‘சன்ட்ராக்’ என்றொரு கருவி இருக்கிறது. வெள்ளையரா, ஏற்கெனவே தோல் புற்று வந்ததா, 50 வயதைக் கடந்தவரா, ஆணா, மாற்றியது இதயமோ நுரையீரலோவா என்ற ஐந்து கேள்விகளுக்குப் புள்ளி போடும். முதல் கேள்விக்குத்தான் புள்ளி அதிகம். கருவி தவறில்லை, அது யாரைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அவர்களுக்குச் சரியாகச் சொல்லும். நாற்பது வயதில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட பிரிக்ஃபீல்ட்ஸ் பெண் ஒருவருக்கு அது பூஜ்யம் என்று காட்டிவிட்டுப் போய்விடும். எங்கே தேட வேண்டும் என்று சொல்லாது.

அதைச் சொன்ன ஆய்வு ஒன்று 2016இல் பிலடெல்பியாவிலிருந்து வந்தது. உறுப்பு மாற்றிய 413 பேரின் தோலைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்கள். 259 பேர் வெள்ளையர் அல்லாதவர். அவர்களில் 15 பேருக்கு, ஏறக்குறைய 6 விழுக்காட்டினருக்கு, புதிதாகத் தோல் புற்று இருந்தது. எண்ணைவிட இடம்தான் வியப்பு. கறுப்பினத்தவரின் செதிள்செல் புற்றுகள் வெயிலே படாத இடங்களில், பிறப்புறுப்பை ஒட்டிய பகுதிகளில் இருந்தன, அவற்றில் எச்.பி.வி. என்ற மரு வைரஸின் ஆபத்தான வகைகள் இருந்தன. ஆசியர்களின் புற்றுகளோ பெரும்பாலும் வெயில் படும் இடங்களில். அதுவும் நிலநடுக்கோட்டுப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களிடம்.

கிள்ளானில் வாழும் தமிழருக்கு இந்த இரண்டு விவரமும் பொருந்தும் என்பது என் வாதம். பிறந்தது முதல் நிலநடுக்கோட்டு வெயில்; நிறமோ கறுப்பை நோக்கியது. ஆகவே முகம், கை என்று வெயில் பட்ட தோலையும் பார்க்க வேண்டும், சேலையும் கைலியும் மறைக்கும் தோலையும் பார்க்க வேண்டும். வெள்ளைத்தோல் நாடுகளின் துண்டறிக்கை முதல் பாதியை மட்டுமே வற்புறுத்துகிறது.

வெயில் பாதியையே முதலில் முடித்துவிடுவோம். அதில் நம் ஊருக்கே உரிய சில விஷயங்கள் இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. கோலாலம்பூரின் தீர்க்கரேகைக்கு நம் நேரம் ஒரு மணிக்கும் மேல் முந்தி ஓடுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல; சுமார் ஒன்றேகால் மணிக்கு. சரியாக அலுவலகங்கள் சாப்பாட்டுக்கு விடும் நேரம். துன் சம்பந்தன் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் நடந்து போகும் அந்த நேரம்தான் நாளின் உச்ச வெயில். ‘பன்னிரண்டு மணி வெயில் தாண்டிவிட்டது, இனிப் போகலாம்’ என்று கிளம்புகிறவர் நேரே அதற்குள் போகிறார். உறுப்பு மாற்றியவர் அஞ்சடி நிழலிலேயே நடப்பதும், வேலையைப் பதினோரு மணிக்கு முன்போ நாலு மணிக்குப் பின்போ வைத்துக்கொள்வதும் நல்லது. மேகமூட்டத்தை நம்ப வேண்டாம். மெல்லிய மேகம் சூட்டைக் குறைக்கும் அளவுக்குப் புற ஊதாவைக் குறைக்காது.

அடுத்தது கண்ணாடி. புற ஊதாவில் பி, ஏ என்று இரண்டு வகை நம்மை வந்தடைகின்றன. பி-வகையைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். ஏ-வகையில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். வாகனத்தின் முன்கண்ணாடி இரண்டு அடுக்கால் ஆனது என்பதால் நன்றாகவே தடுக்கும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல. கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மலேசியாவில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். இருபது ஆண்டுகளில் அவருடைய வலக் கன்னமும் வலக் கையும் வாங்கிய ஏ-வகைக் கதிர் இடப்பக்கத்தைவிட அதிகம். அவர் இமுரான் சாப்பிடுபவராக இருந்தால் இது வெறும் விவரமாக நிற்காது. அசதையோப்ரின் உடலில் சிதைந்து 6-தையோகுவானின் என்ற பொருளாகி டி.என்.ஏ.வுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண டி.என்.ஏ. ஏ-வகைக் கதிரைப் பெரிதாக உறிஞ்சாது. இந்தப் பொருள் உறிஞ்சும். உறிஞ்சியதும் பக்கத்தில் உள்ளதையெல்லாம் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கும். 2005இல் இதைச் செல்களிலும், மருந்து சாப்பிடுகிறவர்களின் தோலிலும் காட்டினார்கள். இமுரானை விட்டு மைகோஃபெனோலேட் என்ற மருந்துக்கு மாறியவர்களின் தோலில் ஏ-வகைக் கதிருக்கான கூச்சம் குறைந்ததையும் பின்னர் பார்த்தார்கள். ஆகப் பழைய மருந்திலேயே நீண்ட காலம் இருப்பவர்கள் தனிக் கவனத்துக்குரியவர்கள். 1980களில் இந்தியாவுக்கும் அதன்பின் சீனாவுக்கும் போய்ப் பணம் கொடுத்துச் சிறுநீரகம் வாங்கி வந்தவர்கள் மலேசியாவில் நிறைய உண்டு. இந்தியா 1994இல் சட்டம் போட்டு அந்தக் கதவை மூடியது. அன்று திரும்பி வந்து இன்றும் நலமாக இருப்பவர் முப்பது ஆண்டு மருந்தைத் தோலில் சுமக்கிறார்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம் ஆட்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து வெளிநாட்டார் சிரிப்பார்கள். முழங்கையிலிருந்து விரல்கணு வரை துணியால் மூடும் அந்த வழக்கம், பெயர்போன சன்ஸ்கிரீனைவிட மலிவு, வியர்வையில் கரைந்தும் போகாது. உறுப்பு மாற்றியவருக்கு அதை மருத்துவச் சீட்டிலேயே எழுதித் தரலாம். பத்துமலையில் முடியிறக்குகிறவர்களுக்கு ஒரு சொல்: மழித்த தலை, மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, உடலிலேயே வெயிலுக்கு மிகவும் திறந்த இடம். சந்தனம் குளிர்ச்சி தரும். கதிரைத் தடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முடியிறக்கிய கையோடு தொப்பியோ துண்டோ போட்டுக்கொள்வதால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெயிலை அஞ்சி இருட்டறையில் உட்காரவும் வேண்டாம். மலேசிய இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், வைட்டமின் டி குறைவு ஏற்கெனவே பரவலாக உண்டு. அந்தக் குறையை மருத்துவரைக் கேட்டு மாத்திரையால் தீர்த்துக்கொள்ளலாம்.

இனி மறுபாதி. மறைந்திருக்கும் தோலில் ஆபத்தை உண்டாக்குவது பெரும்பாலும் எச்.பி.வி. நோயெதிர்ப்பு அடங்கியதும் இந்த வைரஸ் சுதந்திரமாகப் பெருகும். மாற்று முடிந்த சில ஆண்டுகளில் விரல்களில், பாதங்களில் மருக்கள் கொத்துக் கொத்தாக முளைப்பதைப் பல நோயாளிகள் சொல்வார்கள். அவை பெரும்பாலும் தொல்லை மட்டுமே. ஆனால் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் ஒட்டி வளரும் சில வகைகள் புற்றாக மாறக்கூடியவை. இடம் அப்படிப்பட்டது. மருத்துவர் கேட்க மாட்டார், கேட்டாலும் நோயாளி சொல்ல மாட்டார். மாமியார் கூட வந்திருப்பார், மகன் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பான், யார்தான் சொல்வார்கள்? பெண்களாவது கர்ப்பவாய்ப் பரிசோதனைக்குப் போகும்போது பார்க்கப்படலாம். ஆண்களுக்கு அதுவும் இல்லை. மலேசியா 2010 முதல் பள்ளி மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டு வருகிறது. அதற்கு முன் வளர்ந்தவர்கள், மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும்போதே இந்த ஊசியைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. மாத்திரைகள் தொடங்கிய பிறகு எந்தத் தடுப்பூசியும் அரைகுறையாகவே வேலை செய்யும்.

உதடும் வாயும் இன்னொரு பகுதி. உறுப்பு மாற்றியவர்களுக்கு உதட்டுப் புற்று பல மடங்கு கூடுவது வெளிநாடுகளில் நன்கு பதிவான உண்மை. மலேசியாவில் வாய்ப்புற்று எந்த இனத்தவருக்கு அதிகம் என்று கேட்டால் பதில் இந்தியர்தான். வெற்றிலை பாக்கும் புகையிலையும் அதற்குப் பெரிய காரணம். தோட்டத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் பழகியது. நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரையும் வெற்றிலையும் ஒரே வாயில் சேர்வதை நினைத்துப் பாருங்கள். சிறுநீரகம் மாற்றிய பிறகும் இடுப்பில் சுருக்குப்பை வைத்திருக்கும் பாட்டியிடம் அதை வாங்கி வைத்துவிடுவது பேரப்பிள்ளைகளின் கடமை.

பாஷாணமும் பட்டியலில் உண்டு. ஆர்சனிக் உடலில் சேர்ந்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடினமான முளைகள் வரும். ஆண்டுகள் கழித்து வெயில் படாத மார்பிலும் முதுகிலும் செதிள்செல் புற்று வரும். 1970களில் சிங்கப்பூரில் ஆஸ்துமாவுக்கு என்று விற்ற மூலிகை மருந்தைச் சாப்பிட்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அதில் ஆர்சனிக் இருந்தது. நம் சித்த மருத்துவத்திலும் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாம் ஆர்சனிக் சேர்மங்களே. முறையாகச் சுத்தி செய்த மருந்து வேறு, சந்தையில் பெயரில்லாத டப்பாவில் விற்பது வேறு என்று வாதிடலாம். உறுப்பு மாற்றியவருக்கு அந்த வாதத்தில் இடமில்லை. சிறுநீரகத்துக்கும் கேடு, தோலுக்கும் கேடு, டாக்ரோலிமஸின் அளவையும் கலைத்துவிடலாம்.

கடைசியாகக் கால். கறுப்புத் தோலில் மெலனோமா என்ற நிறமிச்செல் புற்று வந்தால் அது பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. மலேசியாவில் நீரிழிவு அதிகமுள்ள இனமும் இந்தியர்தான். சிறுநீரகம் கெட்டதே பலருக்கு அதனால்தான். அவர்களுக்குப் பாதத்தில் ஒரு கறுப்பு, ஒரு புண் என்றால் ‘இனிப்புநீர்ப் புண்’ என்று கட்டுப்போட்டு விடுவது இயல்பு. மாதக்கணக்கில் ஆறாத புண்ணுக்குப் பின்னால் வேறொன்று இருக்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. மெலனோமாவின் பிடிவாதத்துக்கு ஒரு சான்று: கிளாஸ்கோவில் இரண்டு பேர் ஒரே கொடையாளியின் சிறுநீரகங்களைப் பெற்றார்கள். இருவருக்கும் மெலனோமா வந்தது. விசாரித்தால், கொடையாளிக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் அது வந்து, குணமானதாகக் கைவிடப்பட்டிருந்தது. 2003இல் வெளியான இந்தச் செய்திக்குப் பின் உள்ள பாடம் எளியது: பதினாறு ஆண்டுகள் அந்தச் செல்கள் சாகவில்லை, அடக்கப்பட்டிருந்தன, காவல் விலகியதும் எழுந்துகொண்டன.

என்ன செய்யலாம்? மருந்தை நிறுத்துவது மட்டும் கூடாது. தோலுக்குப் பயந்து மாத்திரையைத் தானாகக் குறைத்துச் சிறுநீரகத்தை இழப்பது மடமை. தோல் புற்று பெரும்பாலும் வெட்டியெடுத்தால் தீர்ந்துவிடும், போன சிறுநீரகம் திரும்பி வராது. மலேசியாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள், அவர்களில் மிகச் சிலருக்கே மாற்று கிடைக்கிறது. மருந்தை மாற்றுவது மருத்துவரின் கையில் உள்ள வழி. சேகலின் குளிர்பெட்டியில் பிழைத்த சிரோலிமஸ் இங்கே திரும்புகிறது. அது நோயெதிர்ப்பையும் அடக்கும், செல் பெருகுவதையும் அடக்கும். 2005இல் இத்தாலியின் பாரி நகரில், காபோசி சார்கோமா என்ற வைரஸ் சார்ந்த தோல் புற்று வந்த 15 பேருக்கு மருந்தைச் சிரோலிமஸாக மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் எல்லாருக்கும் தோல் கட்டிகள் மறைந்தன. 2012இல் பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வில், ஏற்கெனவே செதிள்செல் புற்று வந்தவர்களில் சிரோலிமஸுக்கு மாறியவர்களுக்கு 22 விழுக்காடு, பழைய மருந்திலேயே இருந்தவர்களுக்கு 39 விழுக்காடு என்று மறுபடி வந்தது. ஆனால் வாய்ப்புண், கால் வீக்கம், சிறுநீரில் புரதம் என்று பக்க விளைவுகள் பலரை அதிலிருந்து விரட்டுகின்றன. அதனால் எல்லாருக்கும் முதலிலேயே கொடுப்பதில்லை.

சன்ஸ்கிரீன் உண்மையாகவே உதவும். பெர்லினில் உறுப்பு மாற்றிய 120 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் பூசக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். பூசியவர்களுக்குப் புதிய செதிள்செல் புற்று ஒன்றுகூட இல்லை, மற்றவர்களுக்கு எட்டு. அவர்கள் வெள்ளையர் என்பதை மறக்கக் கூடாது. கிள்ளான் தமிழருக்கு அதே அளவு பயன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. துணியும் நிழலும் முதல், களிம்பு இரண்டாவது என்பது என் கருத்து. வைட்டமின் பி3 மாத்திரை தோல் புற்றைத் தடுக்கும் என்று கடைகளில் சொல்வார்கள். உறுப்பு மாற்றாத, ஆனால் ஏற்கெனவே தோல் புற்று வந்தவர்களிடம் 2015இல் பலன் தெரிந்தது உண்மை. உறுப்பு மாற்றியவர்களிடம் சோதித்து 2023இல் வெளியான முடிவில் பலன் தெரியவில்லை. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மிச்சம் இருப்பது பார்ப்பதுதான். மாதம் ஒருமுறை, குளித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், உச்சந்தலை, காதுமடல், உதடு, உள்ளங்கை, நகங்கள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாய், விரலிடுக்கு, உள்ளங்கால் என்று பாருங்கள்; எட்டாத இடத்துக்குக் கைக்கண்ணாடி, முதுகுக்கு வீட்டில் ஒருவர். தேட வேண்டியது நாலு வாரத்தில் ஆறாத புண், தொட்டால் கசியும் முளை, சொரசொரப்பாக மேலேறி வலிக்கும் தடிப்பு, மற்ற மருக்களைப் போல் இல்லாத ஒரு மரு, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வந்த வெடிப்பு. கறுப்புத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். சந்தேகமானதைப் பக்கத்தில் இருபது சென் நாணயம் வைத்துக் கைபேசியில் படம் பிடியுங்கள்; அடுத்த மாதம் ஒப்பிட உதவும். ஆறு மாதம் கழித்து வரும் கிளினிக் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே போய்த் தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது எளிதில் கழற்றக்கூடிய செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் கால்களை நீங்களே நீட்டிக் காட்டுங்கள். மற்ற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், மகனைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.